அறுபத்தோராவது தாள்

ஏழாவது அத்தியாயம்

இசக்கித்தாய் தன் வாழ்நாளில் இரண்டே தடவைதான் மோர்ப்பானையைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு ஓடியிருக்கிறாள். முதல் தடவை, மகள் பேச்சியைப் பெற வலி எடுத்த அன்று. இரண்டாம் தடவை, அதே பேச்சி பள்ளிக்கூட வாசலில் நின்று அழுகிறாள் என்று கேள்விப்பட்ட இந்த வெள்ளிக்கிழமை. அப்போது காலை பத்தரை மணி இருக்கும்.

ஓடியது பள்ளிக்கூடத்துக்கு அல்ல, பாபநாசம் அண்ணாச்சி வீட்டுக்கு. பாளையங்கோட்டைக் கோர்ட்டுக் கச்சேரியில் இருபது வருஷம் நகல் எழுதியவர் பாபநாசம். ஊரான் பொய்யையெல்லாம் அழகான கையெழுத்தில் பிரதி எடுத்து எடுத்து, பொய் எங்கே நொண்டும் என்பது அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வேலையை விட்டபின் காணாமல் போனதையும் களவு போனதையும் கண்டுபிடித்துக் கொடுப்பதே பிழைப்பாகிவிட்டது. இசக்கித்தாய் அவருக்கு உதவி. அவளை யாரும் நியமிக்கவில்லை. தினம் நாற்பது வீட்டுப் புறவாசலில் மோர் ஊற்றுகிறவளுக்குத் தெரியாத சங்கதி ஊரில் எது? அவளாகவே வந்து ஒட்டிக்கொண்டாள், அவரும் விலக்கவில்லை.

"அண்ணாச்சி, சட்டையப் போடுங்க. எம்மவ பரீட்சைய ஒருத்தன் ரத்து பண்ணப் போறானாம்."

"யாரு?"

"பள்ளிக்கூடத்துக்கெல்லாம் இன்ஸ்பெக்டராம். தலப்பா கட்டிருக்கான். பேரு அப்பாத்துரையாம்."

"என்ன காரணமாம்?"

"பிள்ளைய எல்லாம் சரியா எழுதிட்டாம்."

"அது குத்தமா?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

பாபநாசம் சட்டையை மாட்டிக்கொண்டு குடையை எடுத்தார். வழியில் மிச்சத்தைச் சொன்னாள். கேள்வித்தாள் முன்னாலேயே வெளியாகிவிட்டது என்பது குற்றச்சாட்டு. நாலாம் வகுப்பு டீச்சர் இன்பமணியின் அலமாரியிலேயே ஒரு தாள் அகப்பட்டதாம். இன்று மாலை நாலு மணித் தபாலில் இன்ஸ்பெக்டரின் அறிக்கை போகிறது. போனால் டீச்சரம்மாவின் சர்ட்டிபிகேட் பறிபோகும், பத்தொன்பது பிள்ளைகளின் பரீட்சையும் செல்லாமல் போகும்.

"எங்க வீட்டு மனுசன் சொன்னது ஞாபகம் இருக்கா அண்ணாச்சி? இந்த வருசம் தேறுனா மேல படிக்கட்டும், இல்லன்னா பானையத் தூக்கட்டும்ன்னாரு. அவரு ஒரு தடவ சொன்னா சொன்னதுதான். பேச்சி தலைல சும்மாடு ஏறிட்டா அப்புறம் எறங்காது. என் தலையப் பாத்தா தெரியல?"

சொன்ன கையோடு எதிரே வந்த மாட்டு வண்டிக்காரனைக் காரணமில்லாமல் திட்டினாள்.

பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிழக்கே, பனங்கூட்டத்தை ஒட்டி ஓடு போட்ட ஒற்றை நீளக் கட்டடம். நாலாம் வகுப்பு அறையில் டீச்சரின் நாற்காலியில் இன்ஸ்பெக்டர் அப்பாத்துரை உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை, கோட்டு, கடிகாரச் சங்கிலி எல்லாம் சரியாக இருந்தன. வாயில் மட்டும் ஒரு மஞ்சள் ஈர்க்கு இருந்தது. அதனால் பல்லைக் குத்திக்கொண்டே அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் ஈர்க்கை எடுத்துத் தலைப்பாகை மடிப்பில் செருகிக்கொண்டார்.

பாபநாசத்தின் பேரை அவரும் கேள்விப்பட்டிருந்தார். ஆகையால் கொஞ்சம் மரியாதையாகவே பேசினார்.

"மூன்று பள்ளிக்கூடம், அறுபது பிள்ளைகள், ஒரே இங்கிலீஷ் பரீட்சை. எஸ் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மேலே ஒரு சின்னக் கொம்பு போடுவார்களே, அப்பாஸ்டிரபி, அதைப் பற்றிப் பத்துக் கேள்வி. மற்ற இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் எஸ் கண்ட இடமெல்லாம் மிளகுப் பொடி தூவுகிற மாதிரித் தூவி வைத்திருக்கிறார்கள். இந்தப் பத்தொன்பது பேர் மட்டும் பத்துக்குப் பத்து. காலேஜ் பையன்கள் முழிக்கிற இடம் ஐயா இது."

"அதனால சந்தேகம் வந்துச்சு."

"வந்தது. இன்று காலையில் சொல்லாமல் வந்தேன். எல்லாரும் ஜெபத்துக்குப் போயிருந்தார்கள். அலமாரியைத் திறந்தேன். மடித்து வைத்த இந்தத் தாள் இருந்தது."

மேஜை மேல் விரித்திருந்த தாளைக் காட்டினார். அதே கேள்வித்தாள்தான். அச்சடித்தது அறுபது, முத்திரை வைத்து வந்தது அறுபது, பிள்ளைகள் எழுதியதும் அறுபது. இது அறுபத்தோராவது. அச்சுக்கூடத்துக்காரர் சுவிசேஷமுத்து வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்து, தனக்கென்று ஒரு தாள்கூட எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டாராம்.

பாபநாசம் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். முகர்ந்தார். பிறகு ஓரத்தை இசக்கித்தாயின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நக்கிப் பாரு."

"என்னது?"

"ஓரத்துல பழுப்பா ஒரு கோடு போகுதுல்லா, அதை."

இசக்கித்தாய் நக்கினாள். இன்ஸ்பெக்டரின் முகம் கோணியது. "சர்க்கார் சாட்சியத்தை நக்குவது முறையா?"

"நான் ஒருத்திதான நக்குனேன். பத்தொம்போது பேரு சோத்தையே நீரு நக்கிட்டுப் போறீரு" என்று சொல்ல நாக்கு நுனிவரைக்கும் வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். கூடவே அந்தக் கசப்பும் உள்ளே போனது.

வெளியே வேப்பமரத்தடியில் இன்பமணி டீச்சர் பிள்ளைகளோடு நின்றாள். இருபத்தைந்து வயதுக்காரி. கண் சிவந்திருந்ததே தவிர, குரல் உடையவில்லை.

"நான் அந்தத் தாளைக் கண்ணாலயும் பாக்கல அண்ணாச்சி. வேதத்து மேல ஆணை."

"ஏற்கனவே ஒருத்தரு அதுமேல கைய வச்சிட்டாரு தாயி. நீங்க சும்மாவே சொல்லுங்க, நம்புதேன். பிள்ளையளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்திய?"

டீச்சர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது. "பொரிகடலை வச்சு."

இசக்கித்தாய்க்கு இது தெரிந்த கதை. பேச்சி தினம் ராத்திரி சோற்றுப் பருக்கையைத் தட்டு ஓரத்தில் அடுக்கி அப்பனுக்கே பாடம் நடத்துவாள்.

"சிலேட்டுல வார்த்தைய எழுதிருவேன். கொம்பு வர வேண்டிய எடத்துல பிள்ளைய ஒரு கடலைய வைக்கணும். நாலு பூனை வந்துச்சுன்னு எழுதினா எஸ் மட்டும் போதும், கடலை கெடையாது. பூனைக்கு ஏதாவது சொந்தம்னாதான் கடலை வரும். ஒரு பூனையோட பாலுன்னா எஸ்ஸுக்கு முன்னால. நாலு பூனையோட பாலுன்னா எஸ்ஸுக்குப் பின்னால. சரியா வச்சவ அந்தக் கடலையத் தின்னலாம். தப்பா வச்சா பக்கத்துப் பிள்ளைக்குப் போயிரும்."

"அப்ப தப்பே வராது."

"பாதிப் பிள்ளைய காலைல ஒண்ணும் சாப்பிடாம வாராங்க. விதியச் சொன்னா மறந்துரும். தின்னதை மறக்குமா?"

பேச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "யம்மா, பொட்டலம் ஒண்ணக் காணோம்."

"என்ன பொட்டலம்?"

"கடலைப் பொட்டலம். டீச்சர் நாலு வாங்குனாங்க. மூணு தீந்துட்டு. ஒண்ணு அலமாரில பிரிக்காம இருந்துச்சு. இப்பம் இல்ல."

"ஏட்டி, ஊரே பத்தி எரியுது, உனக்கு வயித்து நெனப்பா?" என்று இசக்கித்தாய் மகள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பாபநாசம் மட்டும் பேச்சியை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றார்.

தெருவுக்கு வந்ததும் கேட்டார். "நாக்கு என்ன சொல்லுது?"

"கசக்கு. புளியங்கொட்டைப் பசை, வேப்பிலை போட்டுக் காச்சுனது. பூச்சி அரிக்காம இருக்க அப்படிக் காச்சுகது இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரே ஆளுதான். மேலப்பாளையம் அலிமா பீவி. அவ புருசன் நூர்முகம்மது பாளையங்கோட்டை மார்க்கட்டுல கடை வச்சிருக்காரு. கடைக்குப் பொட்டலம் ஒட்டுகது அவதான். டீச்சரம்மா கடலை வாங்குகதும் அந்தக் கடையிலதான்."

"அப்ப அந்தத் தாளு யாரும் மடிச்சு ஒளிச்சு வச்ச தாளு இல்ல. பொட்டலம். தலைப்பாக்காரரு அதைச் சொல்லவே இல்ல, பாத்தியா?"

"அவனுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"நடப்போம்" என்று குடையை விரித்தார் பாபநாசம். அவர் இப்படித்தான். பாதி யோசனையை வாயில் வைத்துக்கொண்டு மீதியை நம்மிடம் தருவார்.

பாளையங்கால் கரையோடு மேலப்பாளையத்துக்கு நடந்தார்கள். வாய்க்காலில் தாமிரபரணித் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. டில்லியில் ராஜா தர்பார் நடத்திய மறு வருஷம் அது, மழைக்கும் குறையில்லை. இசக்கித்தாய்க்கு வயலும் தெரியவில்லை, வரப்பும் தெரியவில்லை. சூரியன் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் நிமிஷத்துக்கு ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள்.

மேலப்பாளையத்தில் தறிச் சத்தம் அடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். ஆண் துணை இல்லாத நேரத்தில் வேற்று ஆண் வாசலில் நிற்கக் கூடாது. பாபநாசம் வாய்க்கால் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீ மட்டும் போ. மூணு கேள்வி கேளு. அந்தத் தாளு எங்கேருந்து வந்துச்சு. எழுத்தை உள்ளே வச்சு ஏன் ஒட்டுதா. பொட்டலத்து வாய எப்படி மூடுதாவ. வரும்போது கடலை ஒரு பொட்டலமும் வாங்கிட்டு வா."

"பசிக்குதா?"

"எனக்கு இல்ல" என்றார் பாபநாசம்.

புறவாசல் வழியாகப் போனாள் இசக்கித்தாய். அலிமா பீவி முற்றத்தில் காகிதக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பசைச் சட்டி கொதி அடங்கி ஆவி விட்டது.

"ஏளா இசக்கி, மோரு எங்க? வெறுங்கையா வந்திருக்க?"

"மோரு தெருவுல கெடக்கு மதினி. தாய்க்காரி நான் இங்கன வந்திருக்கேன்" என்று மூச்சு விடாமல் கதையைச் சொன்னாள்.

அலிமா பீவி கேட்டு முடித்தபின் விரலைத் துடைத்துக்கொண்டாள். "இங்கிலீசு எழுத்துப் போட்ட தாளு ஒண்ணு வந்துச்சு, உண்மதான். போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழம உங்க பாளையங்கோட்டை சர்ச்சுக் கோயில்ல அறுப்புப் பண்டிகை. வேதக்காரங்க காணிக்கை வச்ச பூசணிக்கா, சேவல், நெல்லு எல்லாத்தையும் வெளியே ஏலம் போடுவாங்கல்லா. எங்க வீட்ல உள்ளவுக வருசா வருசம் போவாக. இந்த வருசம் ஒரு கட்டு வெள்ளைக் காயிதம் எடுத்துட்டு வந்தாக. செவப்பு நாடா கட்டிருந்துச்சு. மேல இருந்த ஒரு தாளுல மட்டும் எழுத்து. மத்ததெல்லாம் வெறுந்தாளு."

"அதையும் ஒட்டிட்டியா?"

"ஒட்டாம? நல்ல கனமான தாளு."

"எழுத்த ஏன் மதினி உள்ளே வச்சு ஒட்டுத? மார்க்கட்டுல எல்லாரும் வெளியேல்லா வைக்காங்க."

அலிமா பீவி இவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எழுத்து வெளியே இருந்தா, தின்னுட்டுத் தெருவுல போடுவாங்க, நாலு பேரு மிதிப்பாங்க. எனக்கு எந்த எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அதுல அல்லாஹ் பேரு இருந்தா? உங்க சாமி பேரு இருந்தா? அந்தப் பாவம் எனக்கு எதுக்கு? எழுத்த உள்ளே வச்சு ஒட்டிட்டா யாரு காலும் படாது. கிழிச்சாத்தான் தெரியும்."

பொட்டலத்து வாயை மூடுவதையும் கேட்டாள் இசக்கித்தாய். கடலையை நிரப்பி, வாயை இரண்டு மடிப்பு மடித்து, ஒரு தென்னை ஈர்க்கைக் குத்தி எடுத்துப் பூட்டி விடுவார்களாம். எறும்பு வராமலிருக்க ஈர்க்கை மஞ்சளில் ஊறப்போட்டு, இரண்டு முனையையும் சாய்வாக வெட்டி வைப்பாளாம். முற்றத்து ஓரத்தில் வெயிலில் ஈர்க்குகள் மஞ்சள் மஞ்சளாகக் காய்ந்துகொண்டிருந்தன. எங்கோ பார்த்த மஞ்சள் என்று இசக்கித்தாய்க்குத் தோன்றியது. எங்கே என்று யோசிக்க நேரமில்லை.

"இந்தா, டீச்சரம்மாவுக்குன்னா இதக் கொண்டு போ" என்று நிரப்பி வைத்த பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள் அலிமா பீவி. "அந்தப் பொண்ணு கடலைக்கு நின்னு எடை பாக்க மாட்டாளாம். அவ திருடியிருக்க மாட்டா."

பாளையங்கோட்டைக்குத் திரும்பும்போது மணி இரண்டரை. சுவிசேஷமுத்துவின் அச்சுக்கூடத்தில் புது மிதி இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. காலால் மிதித்தால் தாள் தானே அச்சாகும். மதுரையிலிருந்து வாங்கி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சுவிசேஷமுத்து அதைக் கன்றுக்குட்டி மாதிரித் தடவிக்கொண்டே மிதித்துக்கொண்டு நின்றார்.

"என்னவே சுவிசேஷமுத்து, இந்த மிஷின்ல மொதல்ல அடிச்சது என்ன?" என்று கேட்டார் பாபநாசம்.

"சர்க்கார் கேள்வித்தாளு அண்ணாச்சி. சனிக்கிழம ராத்திரியோட அறுபதையும் அடிச்சு, ஞாயித்துக்கிழம விடியுமுன்னால முத்திரை வச்சு அனுப்பிட்டேன். எனக்குன்னு ஒரு தாளும் எடுக்கல."

"உமக்குன்னு எடுக்கல. சரி. மொதல் தாளு எங்கவே?"

"மொதல் தாளா?" சுவிசேஷமுத்து, சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று கேட்டவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அது கர்த்தருக்குல்லா."

இசக்கித்தாய் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மொதல் பலன் அண்ணாச்சி. மொதல் நெல்லு, மொதல் சம்பளம், மொதல்ல நெய்ஞ்ச துண்டு, எல்லாத்தையும் கோயிலுக்குத்தான கொண்டு வைக்கோம். புது மிஷினோட மொதல் தாளு எனக்கு எப்படிச் சொந்தமாவும்? கூட ஒரு கட்டு வெள்ளைத் தாளும் வச்சு, நாடா கட்டி, பலிபீடத்துல வச்சு ஜெபம் பண்ணிட்டு வந்தேன்."

"வே, அது சர்க்கார் ரகசியம்வே."

"கர்த்தருக்குத் தெரியாம வச்சுக்கிடணும்னு சர்க்கார் உத்தரவு ஒண்ணும் போடலியே. எனக்கு இங்கிலீசு எழுத்தக் கோக்கத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. எழுத்தப் பாத்துப் பாத்துக் கோப்பேன், அம்புட்டுதான்."

"பண்டிகைக் காணிக்கைய ஏலம் போடுவாங்கல்லா?"

சுவிசேஷமுத்துவின் கால் மிதிப்பதை நிறுத்தியது. "பூசணிக்காயத்தான ஏலம் போடுவாங்க. நான் மிஷினுக்கு எண்ணெ போடணும்னு ஏலத்துக்கு முன்னாலயே வந்துட்டேன். அய்யய்யோ, தாளையுமா போட்டாங்க?"

நல்ல மனுஷன். சட்டையைக்கூடத் தேடாமல் மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு, "வாங்க, நானே சொல்லுதேன். இன்பமணி ஒண்ணும் அறியாத பிள்ளை" என்று முன்னால் நடந்தார்.

பள்ளிக்கூடத்தில் மணி மூன்றே கால். இன்ஸ்பெக்டர் அறிக்கையை உறையில் போட்டு அரக்கை உருக்கிக்கொண்டிருந்தார். டீச்சரும் பிள்ளைகளும் சுவரோரம் நின்றார்கள். சுவிசேஷமுத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். பலிபீடத்திலிருந்து ஏலத்துக்கு, ஏலத்திலிருந்து மேலப்பாளையத்துக்கு, அங்கிருந்து பொட்டலமாகக் கடைக்கு, கடையிலிருந்து டீச்சர் கைக்கு. இசக்கித்தாய் நடுநடுவே தலையாட்டிச் சாட்சி சொன்னாள். பேசி முடித்ததும் நிமிர்ந்து நின்றாள், ஜெயித்துவிட்ட நினைப்பில்.

அப்பாத்துரை அரக்குக் குச்சியைக் கீழே வைத்தார். "இன்பமணி அம்மா, அந்தக் கடலையை நீங்கள் என்றைக்கு வாங்கினீர்கள்?"

"போன வாரம் வியாழக்கிழமை சார்."

"பரீட்சை இந்தத் திங்கள்கிழமை. அப்படியானால் கேள்வித்தாள் நாலு நாள் முன்னாலேயே இந்த அம்மாவின் கையில் இருந்திருக்கிறது. வழியைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு நன்றி பாபநாசம். இதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்."

அலைந்து அலைந்து தூக்குக் கயிற்றைத் தாங்களே திரித்துக் கொடுத்துவிட்டோமே என்று நினைத்தாள் இசக்கித்தாய். பேச்சி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

பாபநாசம் மட்டும் அவசரப்படவில்லை. "எழுதுங்க ஐயா. அதுக்கு முன்னால எனக்கு ஒரு சின்ன ஒத்தாசை. உங்க தலைப்பாவுல இருக்கிற அந்த ஈர்க்கைத் தாரியளா? பல்லுல ஏதோ சிக்கிருக்கு."

இன்ஸ்பெக்டரின் கை தன்னையறியாமல் தலைப்பாகைக்குப் போய் அப்படியே நின்றது. இசக்கித்தாய்க்கு அப்போதுதான் அந்த மஞ்சள் எங்கே பார்த்த மஞ்சள் என்று உறைத்தது.

"அண்ணாச்சி, அலிமா வீட்டு ஈர்க்கு."

"பைய, பைய" என்றார் பாபநாசம். அலிமா பீவி கொடுத்த பொட்டலத்தை மேஜையில் வைத்தார். வாயில் மஞ்சள் ஈர்க்கு, இரண்டு முனையும் சாய்வு வெட்டு. பக்கத்தில் இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கி எடுத்து வைத்த ஈர்க்கு. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன இரண்டும்.

"ஐயா, காலைல அலமாரியத் திறந்தப்ப அங்க இருந்தது மடிச்ச தாளு இல்ல. வாய் பூட்டுன கடலைப் பொட்டலம். ஈர்க்க உருவுனிய. கடலையத் தின்னிய. அடிவரைக்கும் தின்னப்புறம் உள்பக்கம் எழுத்து தெரிஞ்சுது. கிழிச்சு விரிச்சிய. ஈர்க்கு பல்லுக்கு ஒதவுச்சு."

அறையில் பத்தொன்பது பிள்ளைகள் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தார்கள். கேள்வித்தாள் திருட்டைவிடப் பெரிய திருட்டு அவர்களுக்கு இப்போதுதான் தெரிய வந்தது.

அப்பாத்துரையின் காது சிவந்தது. "தின்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா முன்பே பிரித்துப் படித்துவிட்டு மறுபடி மூடியிருக்கலாமே?"

"அதுக்குத்தான் தாளப் பாக்கச் சொல்லுதேன். மேல் மடிப்புல மஞ்சக் கறையோட ஓட்டை இருக்குல்லா, எண்ணிப் பாருங்க. ஒரு தடவ குத்தி எடுத்த ஓட்டை மட்டும்தான் இருக்கு. பிரிச்சு மறுபடி குத்துனா வேற எடத்துல ஓட்டை விழுந்திருக்கும். இல்ல, பழைய ஓட்டையாவது கிழிஞ்சிருக்கும். பசைய யாரு கிழிச்சான்னு உங்களுக்கே தெரியும். எழுத்து உள்பக்கம். கடலை கழுத்துவரைக்கும். இந்தத் தாளு நாலு நாளில்ல, எட்டு நாளு டீச்சர் அலமாரியில இருந்தது வாஸ்தவம். அத மொதமொத வாசிச்ச ஆளு நீங்கதான்."

இன்ஸ்பெக்டர் தாளைத் தூக்கிப் பார்த்தார். எண்ணினார். திருப்பி எண்ணினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கோட்டுப் பித்தானைத் திருகினார்.

"விடியற்காலையில் கிளம்பியது" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "வழியில் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு கடலைதான் வாயில் போட நினைத்தேன். சர்க்கார் உத்தியோகஸ்தன் பிள்ளைகள் கடலையைத் தின்றான் என்று எப்படி எழுதுவது? மடித்த தாள் என்று எழுதிவிட்டேன்."

"பசி குத்தமில்ல ஐயா. எழுதாம விட்டதுதான் குத்தம்."

அப்பாத்துரை உறையைப் பிரித்து அறிக்கையை நாலாகக் கிழித்தார். கிழித்ததைக் குப்பையில் போடப் போனவர், ஏனோ நிறுத்திக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். எழுந்து இன்பமணிக்கு முன்னால் கைகூப்பினார். அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. சுவிசேஷமுத்து தன் பங்குக்கு, இனிமேல் புது மிஷின் எது வந்தாலும் முதலில் வேதப் புத்தகத்துச் சங்கீதம் ஒன்றை அடித்துக் காணிக்கை வைத்துவிட்டுத்தான் சர்க்கார் வேலையைத் தொடுவேன் என்று அங்கேயே பொருத்தனை பண்ணிக்கொண்டார்.

"மார்க்கு நிற்கும்" என்றார் இன்ஸ்பெக்டர். "பத்தொன்பது பேரும் தேறியதாகவே இன்றைய தபாலில் எழுதுகிறேன். ஆனால் அம்மா, அந்தப் பாடத்தை நானும் ஒரு தரம் பார்க்க வேண்டும்."

இசக்கித்தாய் அலிமா பீவியின் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கடலையை எடுத்துக் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் பேச்சியின் சிலேட்டை வாங்கி, 'பெண்பிள்ளைகளின் கடலை' என்று இங்கிலீஷில் எழுதினார். கொம்பு போடாமல் விட்டு, யோசித்து, எஸ்ஸுக்குப் பின்னால் கடலையை மெதுவாக வைத்தார். பிள்ளைகள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"சரியா?" என்று பேச்சியைக் கேட்டார்.

"சரிதான் சார். நெறைய பேரோடது, அதான் பின்னால."

"அப்படியென்றால் நான் தின்னலாம்."

பேச்சி சிலேட்டை ஒரு தரம் வாசித்தாள். இன்ஸ்பெக்டரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சிலேட்டைப் பைய அவரிடமிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எப்படி சார்? எங்க கடலைன்னு நீங்களே எழுதிருக்கிய."

முதலில் சிரித்தது அப்பாத்துரைதான். தலைப்பாகை சரிய, கடிகாரச் சங்கிலி குலுங்கச் சிரித்தார். அந்த ஒரு கடலையை யார் தின்றார்கள் என்று தெரியவில்லை. சிரிப்பு அடங்கியபோது சிலேட்டில் அது இல்லை.

நாலு மணித் தபாலில் புது அறிக்கை போனது. இசக்கித்தாய் மகளைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். காலையில் இறக்கி வைத்த இடத்திலேயே பானை இருந்தது. யாரோ புண்ணியவதி வெயில் படாமல் மேலே வாழையிலை போட்டு மூடியிருந்தாள். மோர் நன்றாகப் புளித்திருந்தது. இனி யார் வாங்கப் போகிறார்கள்? இன்றைய வியாபாரம் போனதுதான். அவளுக்கு ஏனோ அதில் கொஞ்சமும் வருத்தம் வரவில்லை.

பேச்சி சிலேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பானையின் ஒரு பக்கத்தைப் பிடிக்கக் குனிந்தாள்.

"நீ தொடாத" என்றாள் இசக்கித்தாய்.

சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து, பானையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

"சிலேட்டப் பாத்துப் பிடிட்டீ. எழுத்து அழிஞ்சிரப் போவுது. உங்கப்பாட்டக் காட்டணும்."